கட்-ஆஃப் தோல்வியைச் சொல்லாது
பொறியியல் கல்லூரி முதலாமாண்டு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேராசிரியர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும்,



கலந்தாய்வு முடிந்து முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கும்போதெல்லாம் கல்லூரி அலுவலகத்திலிருந்து உங்கள் துறைக்கு ஒரு எக்செல் பட்டியல் வரும். பெயர், படித்த பள்ளி, படித்த மொழி, எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தார், 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்று எல்லாம் அதில் இருக்கும். பல கல்லூரிகளில் அடுத்து நடப்பது இதுதான். யாரோ ஒருவர் அந்தக் கட்-ஆஃப் எண்களை இறங்கு வரிசையில் அடுக்குகிறார். அடியில் நிற்கும் இருபது, முப்பது பெயர்களுக்கு மஞ்சள் நிறம் அடிக்கிறார். 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று தலைப்பிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுக்கிறார். அந்த மாணவர்கள் இன்னும் ஒரு வகுப்பில்கூட உட்காரவில்லை. ஒரு கணக்குக்கூடப் போட்டுக் காட்டவில்லை. ஆனால், செமஸ்டர் முடிவில் யார் யாருக்கு அரியர் விழும் என்று கல்லூரி அதற்குள் எழுதி முடித்துவிடுகிறது.

பொறியியல் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவன் நான். எம்-1 எனப்படும் முதல் செமஸ்டர் கணித விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாகத் திருத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தையும், இந்தத் துறையில் நடந்துள்ள ஆய்வுகளையும் வைத்து உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கை மதிப்பெண்ணை வைத்துத் தோல்விப் பட்டியல் தயாரிக்கும் இந்த வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இந்தப் பட்டியலைக் கெட்ட எண்ணத்தில் யாரும் தயாரிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் ஆய்வுக்கான சுயமதிப்பீட்டு அறிக்கையில், மாணவர்களின் கற்றல் நிலையை மதிப்பிட்டு, மெதுவாகக் கற்பவர்களுக்கும் விரைந்து கற்பவர்களுக்கும் என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி இடம்பெற்றது. அதற்குக் காட்ட ஒரு கோப்பு தேவைப்பட்டது. இன்னொரு பக்கம், அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. கலந்தாய்வுக்கு வரும் பெற்றோர் அதைப் பார்த்துத்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் 'ரிசல்ட் அனாலிசிஸ்' கூட்டத்தில் நிர்வாகத்தின் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அப்படியிருக்க, யார் தவறுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள நினைப்பது இயல்பு. தெரிந்துகொள்ளக் கையில் எடுத்த கருவிதான் தவறு.

அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. பிளஸ் டூ கணிதத்தில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இதைக் கட்-ஆஃபுக்கு மாற்றினால், கணிதத்தில் 10, இயற்பியலில் 15, வேதியியலில் 15 என்று 200-இல் 40 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு வெளியே கிடைப்பது. அதில் பள்ளிக்குப் பள்ளி எவ்வளவு தாராளம், எவ்வளவு கறார் என்று உங்களுக்கே தெரியும். 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டு சேர்ந்த மாணவரின் 170-உம், தேர்வு எழுதிச் சேர்ந்த மாணவரின் 170-உம் ஒரே அளவைக் காட்டும் எண்கள் அல்ல. சி.பி.எஸ்.இ. வழியாக வருபவரின் மதிப்பெண்ணோ இன்னொரு தேர்வுத்தாளிலிருந்து வருவது.

இவ்வளவு குறைகள் இருந்தும் கட்-ஆஃபை நாம் ஏற்றுக்கொள்கிறோம். காரணம், நல்ல கல்லூரிகளில் இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம்; யாருக்கு முதலில் என்று முடிவுசெய்ய எல்லோருக்கும் பொதுவான ஒரு வரிசை வேண்டும். 1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு இருந்ததும் இதற்காகத்தான். 2006-இல் சட்டம் இயற்றி அதை நீக்கிவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணையே வரிசைக்கு அடிப்படையாக வைத்ததும் இதற்காகத்தான். ரேஷன் கடையில் கொடுக்கும் டோக்கன் எண் யார் முன்னால் நிற்பது என்பதைச் சொல்லும். யார் வீட்டில் எவ்வளவு பசி என்று சொல்லாது. கட்-ஆஃபும் அப்படித்தான். இடம் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. ஒரு மாணவருக்கு எந்தப் பாடம் தெரியும், எது தெரியாது, எங்கே சறுக்குவார் என்று சொல்வதற்காக அந்த எண்ணை யாரும் உருவாக்கவில்லை.

முதல் செமஸ்டரில் 'மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ்' தாளில் நான் பார்த்த இரண்டு விடைகளைச் சொல்கிறேன். முதல் இன்டர்னல் தேர்வில் சைன் வர்க்கத்தைத் தொகையிடச் சொல்லி ஒரு கேள்வி. இரட்டைக் கோண வாய்பாட்டை வைத்து அதை முதலில் கொசைனுக்கு மாற்ற வேண்டும். பிறகு இரண்டே வரிதான். 190-க்கு மேல் கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு மாணவர், அடுக்கை ஒன்று கூட்டி, சைன் கனத்தை மூன்றால் வகுத்து எழுதியிருந்தார். எக்ஸ் வர்க்கத்துக்குப் பொருந்தும் விதியை அப்படியே சைனுக்கும் போட்டுவிட்டார். கூப்பிட்டுக் கேட்டபோது, இரட்டைக் கோண வாய்பாடு என்ற ஒன்றை எங்கேயும் பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. அது பிளஸ் ஒன் பாடம். அவர் படித்த பள்ளியில் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரம்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டியிருக்கிறார்கள்.

அதே தேர்வில், தமிழ்வழியில் படித்து 120-ஐ ஒட்டிய கட்-ஆஃபில் சேர்ந்த இன்னொரு மாணவர் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார். ஐகன் மதிப்புக் கணக்கிலும் ஒரு படி விடாமல் எழுதியிருந்தார். ஆனால், நான்கு வரி ஆங்கிலத்தில் கேட்ட பெரும, சிறும மதிப்புக் கணக்கைத் தொடவே இல்லை. வகுப்பு முடிந்ததும் அதே கேள்வியைத் தமிழில் சொன்னேன். கரும்பலகையில் படம் வரைந்து, மாறிகளுக்குப் பெயர் வைத்து, வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்தி விடையைக் கொண்டுவந்துவிட்டார். கட்-ஆஃப் பட்டியலில் முதலாமவர் பச்சை, இரண்டாமவர் மஞ்சள். ஒருவருக்குத் தேவைப்பட்டது பிளஸ் ஒன் முக்கோணவியல். மற்றவருக்குத் தேவைப்பட்டது ஆங்கிலக் கேள்வியைப் படித்துப் பிரிக்கும் பழக்கம். பட்டியல் முதலாமவரைக் கவனிக்கவே விடவில்லை. இரண்டாமவருக்கு, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த தொகையிடலையே மாலை நான்கு மணிக்கு மேல் உட்காரவைத்துத் திரும்பச் சொல்லிக்கொடுக்கச் சொன்னது.

பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கும் இந்த வழக்கம் ஊரறிந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். கேள்வித்தாளுக்கான ப்ளூபிரின்ட் முறையையும் அப்போதுதான் கைவிட்டார்கள். 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால், பொறியியல் கணிதம் நிற்பது பிளஸ் ஒன் அடித்தளத்தில்தான். அந்த அடித்தளம் இருக்கிறதா, இல்லையா என்பது பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடும் கட்-ஆஃபில் நேரடியாகத் தெரியாது.

இனி புள்ளியியல் பக்கம் வருவோம். உங்களில் பலர் இதை வகுப்பிலேயே நடத்துகிறீர்கள்.

கலந்தாய்வு என்பதே மாணவர்களைத் தரவரிசையால் பிரித்து அடுக்கும் ஏற்பாடு. முன்னணிக் கல்லூரியின் கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்தவர்களில் ஒரே ஒதுக்கீட்டுப் பிரிவினரை எடுத்துக்கொண்டால் அவர்களுடைய கட்-ஆஃப் எல்லாம் மிகக் குறுகிய இடைவெளிக்குள் இருக்கும். கடைசிச் சுற்றில் நிரம்பும் கல்லூரியிலும் பெரும்பாலும் அதே கதைதான். எண்கள் மட்டும் கீழே இருக்கும். மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 195-க்கும் 95-க்கும் உள்ள வேறுபாடு ஏதோ ஒன்றைச் சொல்லும். ஒரே வகுப்புக்குள் 181-க்கும் 176-க்கும் உள்ள வேறுபாடு, தேர்வு நாளில் வந்த ஒரு காய்ச்சலுக்குக்கூடச் சமமில்லை. வீச்சு சுருங்கினால் ஒட்டுறவும் சுருங்கும் என்பது பாடப்புத்தக உண்மை. சேர்க்கைக்காக வடிகட்டிய அதே எண்ணை, வடிகட்டி முடித்த கூட்டத்துக்குள் மறுபடியும் பயன்படுத்தினால் அதில் மிஞ்சியிருக்கும் செய்தி மிகக் குறைவு.

மிஞ்சியிருப்பது எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, 1000 மாணவர்கள். அவர்களில் 200 பேர் முதல் செமஸ்டரில் தவறுகிறார்கள். கட்-ஆஃபுக்கும் செமஸ்டர் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவுக் கெழு 0.3 என்று வையுங்கள். இரண்டும் இயல்நிலைப் பரவலில் அமைந்தவை என்றும் கொள்ளுங்கள். கட்-ஆஃபில் கடைசி 200 பேரை நீங்கள் மஞ்சள் பட்டியலில் போட்டால், அவர்களில் உண்மையில் தவறுபவர்கள் ஏறத்தாழ 66 பேர். மீதி 134 பேர் தேர்ச்சி பெறுகிறார்கள். அவர்கள்மேல் காரணமில்லாமல் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. பட்டியலில் இல்லாதவர்களில் 134 பேர் தவறுகிறார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒட்டுறவு 0.5 என்று தாராளமாக உயர்த்திப் பார்த்தாலும் பட்டியல் சரியாகச் சொல்வது 87 பேரைத்தான். மூன்றில் ஒருவரை அல்லது ஐந்தில் இருவரைச் சரியாகச் சொல்லும் ஒரு கருவியை நம்பி ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக 'நீ தேறமாட்டாய்' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதில் இன்னொரு பெரிய தீங்கும் இருக்கிறது. அதை வெளிப்படையாகவே பேச வேண்டும். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் உண்டு. இவை போராடிப் பெற்ற உரிமைகள். நல்ல கல்லூரிகளில் கட்-ஆஃபைக் கீழிருந்து எண்ணினால் அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளும், அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்தவர்களும்தான். நீங்கள் 'ஸ்லோ லேர்னர்' என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை மற்ற மாணவர்கள் சாதிப் பட்டியலாகப் படிக்கிறார்கள். விடுதி அறையிலும் உணவகத்திலும் அந்தப் பேச்சு தொடர்கிறது. முதல் வாரத்தில் தெரிந்துபோன அந்த விவரம் நான்கு ஆண்டுகளும் அந்தப் பிள்ளையை விடாது.

பட்டியல் கைக்கு வந்தபின் ஆசிரியர்களாகிய நாமும் மாறிவிடுகிறோம். மஞ்சள் பெயர்களிடம் கடினமான கேள்வி கேட்பதில்லை. 'பாஸ் ஆனால் போதும்' என்று இரண்டு மதிப்பெண் வினாக்களும் திரும்பத் திரும்ப வரும் பதினாறு மதிப்பெண் வினாக்களும் அடங்கிய ஒரு மெட்டீரியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். புரிந்து படிக்கும் வாய்ப்பை எடுத்துவிட்டு, புரியவில்லை என்று குறை சொல்கிறோம். மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் கல்லூரிப் பேருந்து போய்விடுகிறது. இரண்டு டவுன் பஸ் மாறி இரவு எட்டு மணிக்கு வீடு சேரும் பிள்ளை, மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி பேருந்துக்கு நிற்க வேண்டும். இப்படி ஒரு செமஸ்டர் ஓடிய பிறகு அரியர் விழுந்தால், 'நாங்கள்தான் அப்போதே சொன்னோமே' என்கிறோம். நாம் சொன்னதால் விழுந்த அரியர் எத்தனை என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை என்று நான் வாதாடவில்லை. சேர்க்கைத் தேர்வை இடையில் நிறுத்திவைத்த அமெரிக்காவின் எம்.ஐ.டி., 2022-இல் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வு மதிப்பெண்ணை மறுபடியும் கட்டாயமாக்கியது. தங்கள் பாடத்திட்டத்தின் கணிதச் சுமையைத் தாங்க ஒரு மாணவர் தயாராக இருக்கிறாரா என்று பார்க்க அது உதவுகிறது என்று காரணம் சொன்னது. மறுபுறம் போவன், சிங்கோஸ், மெக்பெர்சன் ஆகிய மூவரும் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட நூலில், பட்டம் முடிப்பார்களா என்பதை எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைவிட நான்கு ஆண்டுப் பள்ளி மதிப்பெண்ணே நன்றாகக் காட்டுகிறது என்று கண்டார்கள். இரண்டு தரப்புமே பேசுவது பெருங்கூட்டத்தின் சராசரியைப் பற்றி. சராசரியில் உண்மையாக இருப்பது, உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவரின் விதியாகிவிடாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எழுபதுகளில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்ற ஆய்வு மாணவர், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார். பேராசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் போதாது, பள்ளி அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று நாம் சொல்லும் அதே காரணங்களை அவர்களும் சொன்னார்கள். அவர் தரவுகளைப் பார்த்தபோது அந்த விளக்கங்கள் நிற்கவில்லை. அந்த மாணவர்களிடையே எஸ்.ஏ.டி. கணித மதிப்பெண்ணுக்கும் நுண்கணிதத் தேர்ச்சிக்கும் இடையே இருந்த ஒட்டுறவு எதிர்க்குறியில் இருந்தது. அதாவது, நுழையும்போது பலமானவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் பலர் சீக்கிரமே தோற்றார்கள். பிறகு அவர், கறுப்பின மாணவர்களில் இருபது பேர், சீன வம்சாவளி மாணவர்களில் இருபது பேர் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் தனித்தனியே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்தபின், மாலையில் சேர்ந்து சாப்பிட்டு, கணக்குகளை ஒருவருக்கொருவர் சரிபார்த்து, கேள்விகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ட்ரீஸ்மன் செய்தது நம் ஸ்பெஷல் கிளாஸுக்கு நேர் எதிரானது. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போடவைத்தார். பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. திறமையை வளர்க்கும் பயிலரங்கம் என்று அழைத்தார். அதில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி கண்கூடாக உயர்ந்தது. அந்த முறை பின்னர் அமெரிக்கா முழுவதும் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

இன்னொன்று, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம். அங்கே டேவிட் லாட் என்ற வேதியியல் பேராசிரியர் ஐந்நூறு பேர் கொண்ட முதலாண்டு வகுப்பை நடத்திவந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியினர் தோற்பதைப் பார்த்த அவர், 1999-இல் எஸ்.ஏ.டி. மதிப்பெண் குறைந்த, வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்த சுமார் ஐம்பது பேரைத் தேர்ந்தெடுத்தார். மற்றவர்களின் சராசரியைவிட அவர்கள் மதிப்பெண் சுமார் 200 புள்ளிகள் குறைவு. அவர்களுக்குச் சிறிய வகுப்பு, வாரத்தில் கூடுதலாக இரண்டு மணி நேரம், மூத்த மாணவர்களின் துணை, ஆலோசகர்களின் கவனிப்பு எல்லாம் ஏற்பாடு செய்தார். பாடத்திட்டத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்கவில்லை. பெரிய வகுப்புக்கு வைத்த அதே கடினமான தேர்வையே இவர்களுக்கும் வைத்தார். நீங்கள் பலவீனமானவர்கள் என்று சொல்லாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட சிறப்புத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று சொன்னார். முடிவில் அவர்கள் பெரிய வகுப்புக்கு இணையான மதிப்பெண் பெற்றார்கள். பட்டம் முடித்தவர்களின் விகிதத்தில் பல்கலைக்கழகச் சராசரியையும் தாண்டினார்கள். மதிப்பெண்ணை அவரும் பயன்படுத்தினார். யாருக்குக் கூடுதலாகக் கொடுப்பது என்று பார்க்கப் பயன்படுத்தினார்.

கணிப்பு தவறான கைக்குப் போனால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர், புதிய மாணவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தி, படிப்பை விட்டுவிடக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, அரசுக்கு எண்ணிக்கை காட்டும் தேதிக்குமுன் அவர்களில் இருபது, இருபத்தைந்து பேரை வெளியேற்றத் திட்டமிட்டார். மாணவர்கள் படிப்பைத் தொடரும் விகிதம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். 2016 ஜனவரியில் மாணவர் பத்திரிகை அதை அம்பலப்படுத்தியது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டு, எதிர்ப்பு வலுத்தபின் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே தலைவர் பதவி விலகினார். தேர்ச்சி விகிதம் ஒன்றே கல்லூரியின் மானம் என்று ஆகிவிட்டால், பிள்ளைகளைக் கரையேற்றுவதைவிடக் கழித்துக்கட்டுவது எளிதாகத் தோன்றும். நம் ஊரிலும் அந்த அழுத்தம் இருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, கட்-ஆஃபைப் பார்க்காமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

முதலாவது, அறிமுகப் பயிற்சி நாள்களில் ஒரு குறையறி தேர்வு வையுங்கள். முக்கோணவியல் வாய்பாடுகள், மடக்கை, பகுதிப் பின்னங்கள், அடிப்படை வகையிடல், ஒரு வாசகக் கணக்கு ஆகியவை போதும். கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். மொத்த மதிப்பெண் போடாதீர்கள். எந்தப் பகுதி எத்தனை பேருக்குத் தெரியவில்லை என்று மட்டும் எடுங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு முக்கோணவியல் தெரியவில்லை என்றால் எல்லோருக்குமே மூன்று வகுப்பு அதை நடத்துங்கள். 190-உம் அங்கே உட்காரும், 120-உம் உட்காரும். யாருக்கும் முத்திரை விழாது.

இரண்டாவது, வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கட்-ஆஃப் கேட்கும் பழக்கத்தை விடுங்கள். பாட ஆசிரியர்களுக்கு அந்த எண் தெரிய வேண்டிய தேவையே இல்லை. சேர்க்கைப் பிரிவோடு அது நின்றுவிடட்டும். மதிப்பெண்ணை வைத்து ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று பிரிப்பதும் வேண்டாம்.

மூன்றாவது, கல்லூரிக்குள் வந்தபின் நடப்பதைப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு திங்கட்கிழமை வராத மாணவர், அசைன்மென்ட் கொடுக்காத மாணவர், முதல் இன்டர்னலில் வெற்றுத்தாள் வைத்த மாணவர் என்று உங்கள் வருகைப் பதிவேடு சொல்லும் செய்தியை எந்தக் கட்-ஆஃபும் சொல்லாது. முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர் இருப்பார். கல்விக் கட்டணம் கட்டாததால் ஹால் டிக்கெட் கிடைக்குமா என்று பயந்து கிடக்கிறவர் இருப்பார். துணைக் கலந்தாய்வில் சேர்ந்து, முதல் யூனிட் முடிந்தபின் வந்து சேர்ந்தவர் இருப்பார். ஒவ்வொருவருக்கும் தேவை வேறு வேறு. மென்டர் அந்த வாரமே கூப்பிட்டுப் பேச வேண்டும். செமஸ்டர் முடிந்து பெற்றோரைக் கூப்பிட்டு அழவைப்பதில் பயனில்லை.

நான்காவது, கூடுதல் வகுப்பைக் கால அட்டவணைக்குள்ளேயே வையுங்கள். கலவையான சிறு குழுக்களாக உட்காரவையுங்கள். எளிய வினாக்களைத் திரும்ப எழுதவைப்பதைவிட, சற்றுக் கடினமான கணக்கைக் கொடுத்துப் பேசிப் பேசித் தீர்க்கவிடுங்கள். தமிழில் பேசிப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதட்டும். சீனியர் மாணவர்களில் அரியர் வைத்து, பிறகு எழுதித் தேறியவர்களையும் துணைக்குச் சேருங்கள். எங்கே சறுக்கும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஐந்தாவது, முதல்வர்களுக்கு. முதலாண்டு கணிதத்தையும் இயற்பியலையும் நடத்தப் புதிதாகச் சேர்ந்தவரை, குறைந்த சம்பளத்தில் இருப்பவரை அனுப்பிவிட்டு, அனுபவம் மிக்கவர்களை இறுதியாண்டுக்கு வைத்துக்கொள்வதை மாற்றுங்கள். அடிப்படை அறிவியல் துறையை மற்ற துறைகளுக்குக் கீழாக நடத்தும் கல்லூரியில் எம்-1 அரியர் குறையவே குறையாது.

ஆறாவதாக, இவ்வளவுக்குப் பிறகும் பட்டியல் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், ஒரு சோதனை செய்யுங்கள். முதல் வாரத்தில் கட்-ஆஃபை வைத்துத் தயாரித்த பட்டியலை மூடிய உறையில் வைத்துவிடுங்கள். செமஸ்டர் முடிவு வந்ததும் எடுத்து ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்தும் தேறியவர் எத்தனை பேர், இல்லாமலேயே தவறியவர் எத்தனை பேர் என்று இரண்டையும் எண்ணி, ரிசல்ட் அனாலிசிஸ் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வையுங்கள். உங்கள் கல்லூரியின் சொந்தத் தரவைவிட வலுவான வாதம் வேறில்லை.

ஆசிரியர்களே, கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து 40 விழுக்காடு வாங்கினாலே ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தகுதி உண்டு என்று அரசு சொல்கிறது. அந்த வரம்பைத் தாண்டி உங்கள் கல்லூரிக்குள் வந்த ஒவ்வொரு பிள்ளையும் பொறியியல் படிக்கத் தகுதி பெற்றவர்தான். சேர்த்துக்கொண்டு கட்டணம் வாங்கிய பிறகு, நீ தேறமாட்டாய் என்று சொல்லும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. தேறவைக்கும் கடமை மட்டுமே உண்டு. இந்த ஆண்டு அந்த எக்செல் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, கட்-ஆஃபை அடுக்கிப் பார்க்காதீர்கள். வகுப்புக்குப் போய் முதல் கணக்கைப் போடச் சொல்லுங்கள். யாருக்கு என்ன தெரியவில்லை என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல முதலாண்டு வகுப்பில் நின்ற ஒரு கணித ஆசிரியர்